பேட்டரி நிரம்பவில்லையா? இன்னொரு ஜெனரேட்டர் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மாட்கள் (புதிய இயந்திரங்களையும் பொருள்களையும் தரும் கூடுதல் நிரல்கள்) சேர்த்த மைன்கிராஃப்டில் மின்சாரம் போதவில்லை என்றதும் நாம் தேடிப் போவது அடுத்த பெரிய ஜெனரேட்டரின் செய்முறையைத்தான். பல ஆண்டுகளாக இந்த விளையாட்டில் ஊறியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் தேடல் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. மின்சாரம் உற்பத்தியாக வேண்டும், கேபிள் வழியே போக வேண்டும், சேமிப்பில் தங்க வேண்டும், அங்கிருந்து இயந்திரத்துக்குள் இறங்க வேண்டும். இந்த நான்கில் எங்கே அடைத்துக்கொண்டாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: பேட்டரி காலி. உற்பத்தி நன்றாக இருந்து கேபிளில் கோளாறு என்றால், அணு உலையே கட்டினாலும் நிலைமை மாறாது.

அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் தளத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள்

விளையாட்டு நொடிக்கு 20 டிக் என்ற கணக்கில் ஓடுகிறது. ஜெனரேட்டர்களும் இயந்திரங்களும் காட்டும் எண்கள் பெரும்பாலும் ஒரு டிக்குக்கான அளவுகள். டிக்குக்கு 100 எஃப்.இ. (பல மாட்கள் பகிரும் மின் அலகான ஃபோர்ஜ் எனர்ஜி) என்றால் நொடிக்கு 2,000, நிமிடத்துக்கு 1,20,000.

பேட்டரியில் இருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகப் பத்து நொடி கழித்து மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 200 ஆல் வகுத்தால் ஒரு டிக்குக்கான நிகர வரவோ செலவோ கிடைத்துவிடும். 4,80,000 இருந்தது 4,50,000 ஆகியிருந்தால் குறைந்தது 30,000. அதாவது டிக்குக்கு 150 பற்றாக்குறை. அடுத்து இயந்திரங்களின் பக்கம் போகும் கேபிளைத் துண்டித்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது கிடைக்கும் எண், பேட்டரிக்கு உண்மையில் வந்து சேரும் மின்சாரம். ஜெனரேட்டர்கள் தங்கள் திரையில் காட்டும் எண்களின் கூட்டுத்தொகையோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உற்பத்திப் பக்கம் நலம். சேர்வது குறைவாக இருந்தால் வழியில் எங்கோ அடைப்பு.

இந்த ஒப்பீட்டில் அலகுகள் ஏமாற்றும். மெக்கானிசம் என்ற மாட் தன் கணக்கை ஜூலில் வைத்திருக்கிறது. அதன் இயல்பான அமைப்பில் 1 எஃப்.இ. என்பது 2.5 ஜூல். ஒரு திரையில் ஜூலும் மறு திரையில் எஃப்.இ.யும் இருந்தால் இல்லாத பற்றாக்குறை தெரியும், இருக்கும் பற்றாக்குறை மறையும். எல்லாவற்றையும் ஓர் அலகுக்கு மாற்றி எழுதிக்கொண்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அறிகுறி: ஜெனரேட்டர் முழு வேகத்தில் ஓடுகிறது, இயந்திரம் தயங்கித் தயங்கி வேலை செய்கிறது

நான் அதிகம் பார்த்தது இதைத்தான். என் தளம் ஒன்றில் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவழித்து ஜெனரேட்டர்களை இரட்டிப்பாக்கினேன். இயந்திரங்களின் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆரம்ப நாட்களில் வைத்த அடிப்படை நிலை எனர்ஜி கியூப் (மின்சாரம் சேமிக்கும் பிளாக்) ஒன்று நடுவில் இருந்தது. எல்லா மின்சாரமும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மெக்கானிசத்தின் அடிப்படை எனர்ஜி கியூப் டிக்குக்கு 4,000 ஜூல்தான் வெளியே விடும், எஃப்.இ. கணக்கில் 1,600. பின்னால் பத்தாயிரம் உற்பத்தியானாலும் முன்னால் வருவது 1,600 மட்டுமே. அடுத்தடுத்த நிலைக் கியூப்களில் இந்த அளவு நான்கு மடங்காகக் கூடிக்கொண்டே போகும். ஒரு கியூபை உயர்த்தியதும் தளம் முழுவதும் உயிர் பெற்றது. அன்றிலிருந்து எந்தத் தளத்திலும் கொள்ளளவைப் பார்க்கும் முன் வெளியீட்டு வரம்பைத்தான் பார்க்கிறேன்.

மெக்கானிசத்தின் இண்டக்ஷன் மேட்ரிக்ஸில் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். அதற்குள் இரண்டு வகைப் பிளாக்குகள் இருக்கின்றன: செல் சேமிப்பைக் கூட்டுகிறது, புரொவைடர் உள்ளே வெளியே போகும் வேகத்தைக் கூட்டுகிறது. இடம் முழுவதையும் செல்களால் நிரப்பிவிட்டு ஒரே ஒரு புரொவைடர் வைத்தவர்களுக்குக் கடல் போன்ற சேமிப்பும் ஊசித்துளை அளவு வாசலும் கிடைக்கும். சில செல்களை எடுத்துவிட்டுப் புரொவைடர்களை வையுங்கள். அவ்வளவுதான் மருந்து.

கேபிளில் பார்க்க வேண்டியவை மாட்டுக்கு மாட் மாறும். மெக்கானிசத்தில் ஜெனரேட்டரோ பேட்டரியோ கேபிளோடு சேரும் பக்கத்தின் அமைப்பைப் பாருங்கள். வெளியே தள்ள வேண்டிய முகம் உள்ளே வாங்கும் முகமாக இருந்தால் கேபிள் ஒட்டியிருப்பது போலத் தெரியும், மின்சாரம் நகராது. கான்ஃபிகரேட்டர் கருவியால் திருத்திக்கொள்ளலாம். இம்மர்சிவ் என்ஜினீயரிங்கில் தாமிரக் கம்பி, எலக்ட்ரம் கம்பி, எஃகுக் கம்பி என்று தாழ்வழுத்தம், நடுவழுத்தம், உயரழுத்தம் மூன்றும் தனித்தனி. தாங்கும் அளவைத் தாண்டிச் சுமை ஏற்றினால் கம்பி எரிந்து போகும். காலையில் இருந்த கம்பி மாலையில் காணவில்லை என்றால் திருட்டு அல்ல, அதிகச் சுமை. புதிதாக அதே கம்பியை இழுத்தால் மறுபடி எரியும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மேல்நிலைக் கம்பிக்கு மாறுங்கள்.

இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட் 2 மாட் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே அழுத்த நிலைகள் 32, 128, 512, 2,048 இ.யு. (அந்த மாட்டின் மின் அலகு) என்று ஏறுகின்றன. 32 தாங்கும் இயந்திரத்துக்கு 128 அனுப்பினால் அது வெடிக்கும். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எதையும் இணைக்காதீர்கள்.

அறிகுறி: அருகில் இருந்தால் ஓடுகிறது, தொலைவுக்குப் போய்த் திரும்பினால் நின்றிருக்கிறது

உலகம் 16க்கு 16 பிளாக் பரப்புள்ள சங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. யாரும் அருகில் இல்லாத சங்க் உறங்கிவிடும். அதிலிருக்கும் ஜெனரேட்டரும் உறங்கிவிடும். எஃப்3 விசையோடு ஜி விசையை அழுத்தினால் சங்க் எல்லைகள் கோடுகளாகத் தெரியும். உங்கள் மாட்பேக்கில் (மாட்களின் தொகுப்பில்) இருக்கும் சங்க் லோடரால் தேவையானவற்றை விழிப்பில் வையுங்கள்.

கவனிக்கத் தவறுவது பாதி விழிப்பு. ஜெனரேட்டர் இருக்கும் சங்க்கை விழிக்க வைத்துவிட்டு, அதற்கு எரிபொருள் தரும் மரப்பண்ணை அடுத்த சங்க்கில் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் கால் மணி நேரம் எல்லாம் சரியாக ஓடும், பிறகு நிற்கும். பண்ணை, குழாய், ஜெனரேட்டர், பேட்டரி என்று சங்கிலி முழுவதையும் கோடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: பகலில் போதும், இரவில் விழுந்துவிடுகிறது

சோலார் பேனல்தான் காரணம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தீர்வு கூடுதல் பேனல் மட்டும் அல்ல. விளையாட்டின் ஒரு நாள் 24,000 டிக், அதாவது 20 நிமிடம். அதில் ஏறத்தாழப் பாதியைச் சேமிப்பால் கடக்க வேண்டும். டிக்குக்கு 200 எஃப்.இ. செலவாகும் தளத்துக்கு 12,000 டிக்குக்கு 24 லட்சம் எஃப்.இ. இருப்பு தேவை. அதோடு பகலில் அந்த 200 செலவையும் பார்த்துக்கொண்டு அடுத்த இரவுக்கான 200ஐயும் சேர்க்க வேண்டும் என்பதால், பகல் உற்பத்தி குறைந்தது 400 இருக்க வேண்டும். மழை நாள் வந்தால் அதுவும் போதாது.

மெக்கானிசத்தின் காற்றாலை இரவு பகல் பார்ப்பதில்லை. உயரம் கூடக்கூட விளைச்சல் கூடும். இயல்பான அமைப்பில் தாழ்வான இடத்தில் டிக்குக்கு 60 ஜூல், உச்சியில் 480 ஜூல். எட்டு மடங்கு வித்தியாசம்! சமவெளியில் எட்டுக் காற்றாலை நட்டவர், ஒன்றை மட்டும் உயரக் கோபுரத்தின் மேல் ஏற்றியிருந்தால் ஏறத்தாழ அதே பலன் கிடைத்திருக்கும். மேலே வானம் திறந்திருக்க வேண்டும். கூரைக்குக் கீழே வைத்தால் ஒன்றும் வராது.

அறிகுறி: எரிபொருள் எவ்வளவு போட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கிறது

உலையில் எரியும் நேரத்தை அடிப்படையாகக் கொள்ளும் ஜெனரேட்டர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருந்தால் நல்லது. நிலக்கரி 1,600 டிக். மரக்கரியும் அதே 1,600. மரக்கட்டை 300. பிளேஸ் தண்டு 2,400. ஒரு வாளி லாவா 20,000. நிலக்கரிப் பிளாக் 16,000.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒன்பது நிலக்கரியைத் தனித்தனியே எரித்தால் 14,400 டிக். அதே ஒன்பதைப் பிளாக்காகச் சேர்த்தால் 16,000. ஒன்பது கட்டத்தில் அடுக்கியதற்கே ஏறத்தாழ 11 விழுக்காடு இலாபம். மரத்தில் இலாபம் இன்னும் பெரிது. கட்டையை அப்படியே எரித்தால் 300. உலையில் மரக்கரியாக மாற்றினால் அதற்கு 200 டிக் எரிபொருள் செலவு, கிடைப்பது 1,600, மிஞ்சுவது 1,400. மரப்பண்ணையிலிருந்து கட்டையை நேராக ஜெனரேட்டருக்குள் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் விளைச்சலின் பெரும்பகுதியைப் புகையாக விடுகிறார்கள். நடுவில் ஓர் உலை வைத்தால் அதே பண்ணை நான்கு மடங்குக்கு மேல் தரும்.

லாவா தீர்ந்துவிடும் என்று அஞ்சி நெதர் என்ற லாவா நிறைந்த மறு உலகுக்குப் பம்பு கட்டத் தேவையில்லை. 1.17 பதிப்பு முதல் லாவா ஊற்றுக்குக் கீழே ஒரு பிளாக், அதன் அடியில் கூரிய சொட்டுக்கல், அதற்கும் கீழே கொப்பரை என்று வைத்தால் சொட்டுச் சொட்டாக லாவா நிரம்பும், ஊற்று வற்றாது. ஒன்று மிக மெதுவாகத்தான் நிரம்பும், அதனால் வரிசையாகப் பல வையுங்கள். தொடக்கக் கட்டத்துக்கு இதைவிட நிம்மதியான எரிபொருள் வழி எனக்குத் தெரியாது.

இன்னொரு சோதனை: பேட்டரி நிரம்பியிருக்கும்போது ஜெனரேட்டரில் தீ எரிகிறதா என்று பாருங்கள். சில ஜெனரேட்டர்கள் நின்று காத்திருக்கும், சில எரித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் வகை என்றால் பேட்டரியின் அளவைப் பார்த்து ரெட்ஸ்டோன் (விளையாட்டின் சுவிட்ச்) சமிக்ஞையால் நிறுத்துங்கள்.

நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து அதையே எரித்து மின்சாரம் செய்யும் சுழற்சியை மெக்கானிசத்தில் பலரும் ஆசையோடு கட்டுகிறார்கள். இயல்பான அமைப்பில் பிரிக்கச் செலவாகும் மின்சாரமும் எரித்துக் கிடைப்பதும் ஈடாகிவிடும். நிகர இலாபம் இல்லை. அதே வாயு ஜெனரேட்டருக்கு எத்திலீன் கொடுங்கள். உயிரி எரிபொருளோடு நீரும் ஹைட்ரஜனும் சேர்த்து அழுத்த வினைக்கலத்தில் செய்யப்படும் அந்த வாயு, கட்டிய உழைப்புக்குப் பல மடங்கு திருப்பித் தரும்.

அறிகுறி: அப்கிரேட் போட்ட அன்றே மின்சாரம் வற்றிவிட்டது

மெக்கானிசம் இயந்திரங்களில் வேக அப்கிரேட் எட்டும் போட்டால் வேகம் பத்து மடங்காகும். டிக்குக்கான மின்செலவு பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு ஆகும். அதாவது ஒரு பொருளைச் செய்ய முன்பு செலவானதைப் போலப் பத்து மடங்கு. அதே இயந்திரத்தில் மின்சேமிப்பு அப்கிரேட் எட்டையும் சேர்த்துப் போட்டால் டிக்குக்கான செலவு நூறிலிருந்து பத்து மடங்காக இறங்கும். ஒரு பொருளுக்கான செலவு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

ஆகவே பத்து இயந்திரங்களில் வேக அப்கிரேட் மட்டும் நிரப்பியவருக்குத் தேவை புதிய மின்நிலையம் அல்ல, 80 மின்சேமிப்பு அப்கிரேட்கள். மின்நிலையத்தைவிட அது மலிவு. எரிபொருள் கேட்காது, இடமும் கேட்காது. மின்சாரப் பிரச்சினைக்கு என்னிடம் ஒரே ஒரு ஆலோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அறிகுறி: ரியாக்டர் எரிபொருளை விழுங்குகிறது, டர்பைன் எதிர்பார்த்ததைத் தரவில்லை

எக்ஸ்ட்ரீம் ரியாக்டர்ஸ் மாட்டின் உலை, பேட்டரி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஓடவிட்டால் ஓடும், எரிபொருள் கரையும். கட்டுப்பாட்டுத் தண்டுகளை உள்ளே இறக்கினால் எரிப்பு குறையும். தண்டு முழுவதும் வெளியே இருந்தால்தான் அதிக மின்சாரம் என்று நினைத்து அப்படியே விடுபவர்கள் பலர். வெப்பம் அளவுக்கு மீறி ஏறும்போது ஒரு கட்டி எரிபொருளுக்குக் கிடைக்கும் விளைச்சல் இறங்கிவிடும். தண்டுகளைப் பத்துப் பத்து விழுக்காடாக இறக்கி, ஒவ்வொரு முறையும் வெப்பம் நிலைக்கும் வரை காத்திருந்து, மின்சாரத்தை எரிபொருள் செலவால் வகுத்துப் பாருங்கள். உங்கள் தேவையை நிறைவு செய்யும் மிக ஆழமான நிலையே உங்கள் உலைக்குச் சரியானது.

டர்பைனைப் பொறுத்தவரை சுழல் வேகம்தான் எல்லாம். நிமிடத்துக்கு 900 சுற்று அளவிலும் 1,800 சுற்று அளவிலும் திறன் உச்சத்தைத் தொடுகிறது, இடையில் பள்ளம். 1,300இல் சுழலும் டர்பைன் பார்வைக்கு நன்றாக ஓடும், நீராவியை வீணாக்கும். வேகம் 1,800ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கம்பிச்சுருள் (காயில்) போதவில்லை, இன்னும் சேருங்கள். அந்த வேகத்தை எட்டாமல் நின்றால் சுருள் அதிகம் அல்லது நீராவி குறைவு. புதிதாகத் தொடங்கும்போது இண்டக்டரை (சுருள்களின் சுமையை) விலக்கிவிட்டு வேகம் ஏறிய பின் இணையுங்கள். சுமையோடு தொடங்கினால் நெடுநேரம் பிடிக்கும்.

மெக்கானிசத்தின் பிளவு உலைக்கு வரும்போது பேச்சே வேறு. இங்கே தவறு நடந்தால் தளமே போய்விடும். ஆபத்தான அறிகுறி, வியப்பாக, வளமான நேரத்தில்தான் வரும்: பேட்டரி நிரம்பிவிட்டது, டர்பைனின் சேமிப்பும் நிரம்பிவிட்டது. டர்பைன் நீராவியை வாங்க மறுக்கிறது. நீராவி உலையிலேயே தேங்குகிறது. குளிர்விக்கும் நீர் சுழலவில்லை. வெப்பம் ஏறுகிறது, 1,200 கெல்வினைத் தாண்டினால் உலை சேதமடையத் தொடங்கும். டர்பைனின் திரையில் மிகுதி நீராவியை வெளியேற்றும் தேர்வு இருக்கிறது. அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். வெளியேறும் நீராவியோடு நீரும் போகும் என்பதால் வெளியிலிருந்து நீர் வரத்தும் வேண்டும். கழிவுத் தொட்டி நிரம்பவிடாதீர்கள், நிரம்பினால் கதிர்வீச்சு வெளியே கசியும். உலையின் லாஜிக் அடாப்டர்கள் அதிக வெப்பம், மிகுதிக் கழிவு, அபாயச் சேதம் ஆகியவற்றைத் தனித்தனியே ரெட்ஸ்டோன் சமிக்ஞையாகச் சொல்லும். மூன்றையும் வைத்து, எது ஒலித்தாலும் உலை நிற்கும்படி கட்டாமல் எரிப்பு வேகத்தை உயர்த்தக் கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை.

அறிகுறி: சேமிப்பின் எண் 214 கோடிக்கு மேல் ஏற மறுக்கிறது

பழுது அல்ல. எஃப்.இ. முறை தன் எண்ணிக்கையை 32 பிட் முழு எண்ணாக வைத்திருக்கிறது; அதன் உச்சம் 2,14,74,83,647. அதற்கு மேல் இருந்தாலும் பிற மாட்களின் அளவுமானிகளுக்குத் தெரியாது. சேமிப்புக்குச் சொந்தமான திரையைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாமே மந்தம், எண்கள் மட்டும் சரி

நொடிக்கு 20 டிக் ஓட வேண்டிய உலகம் 10 டிக் மட்டுமே ஓடினால், டிக்குக்கு 1,000 எஃப்.இ. என்று திரை காட்டினாலும் கடிகாரக் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது பாதி. ஸ்பார்க் போன்ற அளவீட்டு மாட்டால் டிக் வேகத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சிறு ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டிக்கிலும் கணக்குப் போடுகின்றன. நண்பர்களோடு பகிரும் சர்வரில் இருநூறு சிறு பேனல்களுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய அமைப்பு என்பது எல்லோருக்கும் செய்யும் உதவி.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, உற்பத்திதான் உண்மையிலேயே குறைவு

இங்கே வந்து சேர்ந்தால்தான் ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி எழுகிறது. எது அதிகத் திறனுள்ளது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்களிடம் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நிலக்கரி குவிந்திருந்தால் பிளாக்காக்கி எரியுங்கள். விவசாயப் பண்ணை ஏற்கெனவே இருந்தால் மெக்கானிசத்தின் எத்திலீன் அல்லது இம்மர்சிவ் என்ஜினீயரிங்கின் டீசல் ஜெனரேட்டர்; பின்னது டிக்குக்கு 4,096 எஃப்.இ. தரும், பண்ணையின் விளைச்சலிலிருந்து உயிரி டீசல் வடிக்கலாம். லாவாவும் குளிர்ந்த பனிப் பிளாக்குகளும் இருந்தால் எதிரெதிர் பக்கங்களின் வெப்ப வேறுபாட்டில் ஓடும் தெர்மோஎலக்ட்ரிக் ஜெனரேட்டர். தருவது கொஞ்சம்தான் என்றாலும் எரிபொருளே தீராது. யுரேனியமும் பொறுமையும் இருந்தால் உலை.

தேவையை இயந்திரங்களின் உச்சச் செலவைக் கூட்டிக் கணக்கிடாதீர்கள். பத்தும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவது அபூர்வம். வழக்கம்போல ஒரு மணி நேரம் விளையாடி, பேட்டரி இழந்ததையும் ஜெனரேட்டர்கள் தந்ததையும் கூட்டி 72,000 ஆல் வகுத்தால் உங்கள் சராசரித் தேவை வந்துவிடும். அதைப் போல ஒன்றரை மடங்கு உற்பத்தியும், உச்ச நேரத்தைத் தாங்கும் சேமிப்பும் போதும்.

புதிய அமைப்பைப் பழையதன் பக்கத்திலேயே கட்டுங்கள். பழையதை நிறுத்தி, புதியதை மட்டும் இணைத்து, அதே பத்து நொடிச் சோதனையைச் செய்யுங்கள். எண் எதிர்பார்த்தபடி வந்த பிறகு பழையதைப் பிரிக்கலாம்.